தேசிமரம் பார்க்க வாற ஆள்

கணவர் பஞ்சலிங்கம் கிணற்றடியில் குளித்து முடிப்பதற்குள், பராசக்தி கலண்டர்த் தாளொன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினாள்.

“இஞ்சாருங்கோ, நான் சந்தைக்குப் போறன். புட்டும் மாம்பழமும் மேசையிலை மூடிக்கிடக்கு. நீங்கள் கடிதம் போட்டபடி, பத்து மணிக்கு விவசாயக் கந்தோராலை பூச்சி பிடிச்ச தேசிமரம் பாக்க ஆள் வருகுது. சண்டை பிடிக்காமல் தேத்தண்ணி குடுங்கோ.

குருத்திலைக்கு அடியிலை பச்சையாய் அப்பிக்கிடக்கிறதுதான் அழுக்கணவன். அதுக்குக் கலியாணம் தேவையில்லை, தானாய்க் குட்டி போடும். ஒரு கிழமையிலை அந்தக் குட்டியும் குட்டி போடும். கொப்பிலை நெருக்கம் கூடினால் செட்டையோடை ஒண்டு வந்து அடுத்த மரத்துக்குப் பறந்திடும். கறுப்பாய், முதலைக்குட்டி மாதிரி ஊருறது புள்ளிவண்டின்ரை குஞ்சு. அது அழுக்கணவனைத் தின்னும். ரெண்டு கிழமையாய் நீங்கள் பிடிச்சு நசுக்கினது அதைத்தான்.”

தாளைத் திருநீற்றுக் குடுவையின் கீழ் வைத்துவிட்டுப் படலை வரை போனவள், திரும்பி வந்து ஓரத்தில் குறுக்காக எழுதினாள்.

“உதெல்லாம் எனக்குச் சொன்னது வாற ஆள்தான். எங்கடை மகள் நிவேதனா. கலியாணம் வேண்டாமெண்டதுக்காக அவள் இந்தப் படலை தாண்டக்கூடாதெண்டு நீங்கள் சொல்லி ஒரு வருசமாகுது. அதாலை படலைப் பூட்டையும் திறப்பையும் நான் கொண்டு போறன். படலை திறந்துதான் கிடக்கு.”