மிச்சம் பிடித்த ரெண்டு வாளித் தண்ணீர்

சிங்காநல்லூர்,
பிப்ரவரி 24, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மருதமலையானைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரியில் எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. அதற்காகப் பதறாதே கண்ணு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் மகள் தேஜா நடமாட்டமாக இருக்கிறாள், நான் இதை எழுதும்போது முன்ரூமில் உட்கார்ந்து கலர் பென்சிலால் சுவரில் அடித்த புதுச் சுண்ணாம்பைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறாள். சாய்ப்ரியா லீவு முடிந்து வியாழக்கிழமை அயர்லாந்து கிளம்புகிறாள், உன் ஆஸ்பத்திரிதானே அவளும், உங்கம்மா கொடுத்துவிடுகிற பருப்புப்பொடி, ஊறுகாயோடு சேர்க்காமல் இந்தக் கவரைத் தனியாக அவள் கையில் கொடுக்கப்போகிறேன். உங்கம்மாவுக்குத் தெரியாது. ரேசன் கடைக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். போனிலேயே சொல்லிவிடலாம் என்று நாலு தடவை எடுத்தேன், உன் முகம் தெரிந்ததும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மூன்றாம் தேதி தேஜாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்று சொன்னோமே, அது உண்மைதான், அவள் யூ.கே.ஜி. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது. நீ டியூட்டிக்குப் போகிற அவசரத்திலும் ஒவ்வொன்றாகச் சொன்னாய். கையுறை போட்டுக்கொண்டு முதலில் பழைய துணியால் வாந்தியை அள்ளிவிட வேண்டும், கடை ப்ளீச்சை பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்குத் தண்ணீரில் கலக்க வேண்டும், அதோடு வேறு எதையும் சேர்க்கவே கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பத்து நிமிசம் ஊறவிட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், பிள்ளையின் துணிமணியை வெந்நீரில் தனியாகப் போட வேண்டும், கதவுப்பிடி, குழாய், சுவிட்ச் எதையும் விடாமல் துடைக்க வேண்டும். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இருவத்தேழு வருசம் திருப்பூர் சலவைப் பட்டறைல ஹைப்போவுக்குள்ள நின்னவனுக்கே ப்ளீச் பாடமா அம்மணி என்று கேட்டுச் சிரித்தேன். நீயும் கூடச் சிரித்துவிட்டு போனை வைத்தாய்.

முதல் நாள் எல்லாம் நீ சொன்னபடிதான் நடந்தது. உங்கம்மா அண்டா நிறைய வெந்நீர் வைத்துத் துண்டு, போர்வை என்று துவைத்துத் துவைத்துக் கொடியில் இடமில்லாமல் பக்கத்து வீட்டு மாடியில் கொண்டுபோய்க் காயப்போட்டாள். தேஜாவின் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. நான் பெரிய சூப்பர்வைசர் மாதிரி கையுறையும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு வீடு முழுக்கத் துடைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்குத்தான் கடை பாட்டில் போதவில்லை. அது வெறும் தண்ணி, நம்ம சரக்குதான் சரக்கு என்று உங்கம்மாவிடம் பீற்றிக்கொண்டு, பழைய பட்டறையில் இன்னும் வேலை பார்க்கிற சென்னகிருஷ்ணனிடம் சொல்லி ஐந்து லிட்டர் கேன் ஒன்று ஹைப்போ, அதுதான் தண்ணீர் கலக்காத ப்ளீச், வாங்கி வந்தேன். அவன் பாவம், எதுக்குங்கண்ணா இவ்வளவு காரமான சரக்கு ஊட்டுக்கு என்று கேட்டுத்தான் கொடுத்தான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பட்டறையில் எப்படி என்றால், துணியை முதலில் ஹைப்போவில் போடுவோம், எடுத்து ரெண்டு தண்ணீர் அலசுவோம், அதற்குப் பிறகுதான் ஆசிட் தண்ணீரில் முக்குவோம். துணியில் தங்கின வாசமும் மஞ்சளும் அந்த ஆசிட்டில்தான் போகும். அங்கே நாலு பக்கமும் திறந்த கொட்டகை, தண்ணீருக்கும் பஞ்சமில்லை. நம் வீட்டு பாத்ரூம் உனக்குத் தெரியும், ரெண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மேலே இருந்த காற்றுத் துவாரத்தையும் மார்கழிப் பனிக்காக நான்தான் பிளைவுட் பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் பிள்ளை உள்ளே தரையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டாள். அவளைத் தூக்கிக் கழுவிப் படுக்கவைத்துவிட்டு நான் ஹைப்போவை அப்படியே கேனில் இருந்து தரையில் ஊற்றினேன். ஊறிய பிறகும் மூலையில் மஞ்சள் கறை போகவில்லை. அப்போது ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றி அலசியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. கார்ப்பரேசன் தண்ணீர் வந்து எட்டு நாளாகியிருந்தது, டிரம்மில் கால்வாசிதான் கிடந்தது, பிள்ளையின் துணிக்கு வேண்டுமே என்று மிச்சம் பிடித்தேன். பட்டறை ஞாபகத்தில், பாத்ரூம் கழுவ வைத்திருந்த ஆசிட் பாட்டிலைத் திறந்தேன்.

அதே நேரத்தில் தேஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பிச்சி அப்பிச்சி என்று ஓடி வந்தாள். உட்காரவைத்தேன். காய்ச்சல் உடம்பில் காற்று படக்கூடாது என்று கதவைச் சாத்தினேன் அம்மணி, என் கையால் சாத்தினேன். அவள் போய் முடிக்கிற வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று மூலைக் கறையின் மேல் ஆசிட்டை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தேன். ஹைப்போவும் ஆசிட்டும் கலந்து விஷப் புகையின் வாசம் கிளம்பியது எனக்குத் தெரியவே இல்லை. அத்தனை வருசம் அந்தக் காட்டம் குடித்த மூக்கு, அதற்கு எது உறைக்கும். அந்தப் புகை கனமானது, மேலே ஏறாது, தரையோடு படுத்துக் கிடக்கும், உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் முகத்து உயரத்தில். அவள் இருமினபோது மறுபடி வாந்திதான் வருகிறது என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். கண் எரியுது அப்பிச்சி என்றாள். அப்புறம்தான் எனக்கும் நெஞ்சை யாரோ முறுக்கின மாதிரி இருந்தது, அவளை வாரித் தூக்கினேன், வழுக்கி விழுந்தேன், கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

கதவைத் திறந்தது உங்கம்மா. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் வாசலில் விட்டாள். அதோடு நின்றிருக்கலாம். திரும்ப வந்து என் ரெண்டு கையையும் பிடித்து இழுத்தாள், இழுக்கிறபோது தலைப்பு நழுவிவிட்டது. என்னுடைய எழுபது கிலோவையும் அவள் எப்படி இழுத்தாள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தேஜாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வெளியே வந்தது, அதை நான் பார்த்துக்கொண்டே போனேன். மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், மூச்சு மருந்து கொடுத்தார்கள், ரெண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா என்ன நடந்ததுங்க என்று கேட்டாள், சொன்னேன், என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டாள், அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

வயிற்றுப்போக்குக்கு குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்று உன்னிடம் சொன்னோம். நீ வீடியோவில் வந்தபோது தேஜாவின் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு நிமிசம் சிரிக்கச் சொல்லிக் காட்டினோம். அம்மா ஏன் பேசமாட்டேங்கறாங்க என்று கேட்டாய், தொண்டை கட்டிக்கொண்டது என்றேன், மிளகுப்பால் குடிக்கச் சொன்னாய். அவளுக்குத் தொண்டை கட்டவில்லை கண்ணு, அந்தப் புகையில் குரல் போய்விட்டது. பதினோரு நாள் காற்றுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித்தான் காட்டினாள், புள்ளைக்கிட்ட சொல்லிப்போடாதீங்க, தனியா கெடந்து பதறுவா, தேஜாவயும் கூட்டிக்கிட்டுப் போயிருவா என்று. அந்தச் சீட்டு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இப்போது பேசுகிறாள், ஆனால் பழைய குரல் இல்லை. காலையில் தேஜாவைக் கூப்பிடுகிறபோது வேறு யாரோ வந்திருக்கிறார்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

தேஜாவுக்கு இப்போது மூச்சு சரியாக இருக்கிறது, ஆனால் ஓடினால் இருமுகிறாள். வர சனிக்கிழமை மறுபடி காட்ட வேண்டும். பெரும்பாலும் முழுசாகத் தேறிவிடும், ஒரு வருசம் போல கவனமாகப் பார்த்துக்கங்க, ஊதுபத்திப் புகைகூடப் பக்கத்தில் வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. பெரும்பாலும் என்கிற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். பிளைவுட் பலகையை அன்றைக்கே பிடுங்கி எறிந்துவிட்டேன், கேனையும் சென்னகிருஷ்ணனிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. அப்படியும் பிள்ளை நம் பாத்ரூமுக்குள் தனியாகப் போவதில்லை, கதவைத் திறந்து வைத்து அவள் அமுச்சி, உங்கம்மாதான், வாசலில் நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னிடம் ஒன்று செய்கிறாள். நான் ஊட்டப் போனால் முதலில் என் கையைப் பிடித்து மோந்து பார்க்கிறாள், பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, அவள் வயசில் நீ இருந்தபோது, நான் திருப்பூர் பஸ்ஸில் வந்து இறங்கினதும் ஓடி வந்து என் ரெண்டு உள்ளங்கையையும் முகத்தில் வைத்துக்கொள்வாய், அப்பா வாசம் என்பாய். அது ஹைப்போ வாசம்தான் கண்ணு, எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. உன்னை நர்ஸ் படிக்கவைத்த வாசம் என்று எனக்கு அதில் ஒரு கர்வம். அந்தக் கர்வம்தான் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தது, உன் பேச்சைக் கேட்காமல் சிரித்தது.

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் தேஜாவின் விசா பாரத்தை நீ அனுப்ப வேண்டும், விட்டால் இன்னும் ஒரு வருசம் என்றாயே. பொங்கலன்றைக்கு நான்தான் மன்றாடினேன், ஒண்ணாப்பு இங்கயே படிக்கட்டும், நாங்க இல்லியா பாத்துக்கறதுக்கு என்று. நீயும் அழுதுகொண்டே சரி என்று சொன்னாய். எங்களை நம்பிச் சொன்ன அந்தச் சரியை நான் எப்படி வைத்துக்கொள்வது? நடந்தது தெரியாமல் நீ பாரத்தை நிறுத்தி வைத்தால் பிள்ளையை உன்னிடமிருந்து திருடின மாதிரி ஆகும். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நாங்கள் ரெண்டு பேரும் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று எனக்குத் தெரியாது. உங்கம்மா அதற்குத்தான் பயப்படுகிறாள், அவளைக் கோபிக்காதே, பிள்ளை உயிரையும் என் உயிரையும் இழுத்துப் போட்டவள் அவள். கோபமெல்லாம் என் மேல் இருக்கட்டும்.

இன்றைக்குக் காலையில் சந்தகை பிழிந்தோம். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டு ஒரு வாய் எடுத்து நீட்டினேன், தேஜா பென்சில் சீவிக்கொண்டே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். என் கையை மோந்து பார்க்கவில்லை. ரெண்டாவது வாய்க்கும் பார்க்கவில்லை. எனக்குக் கண் நிறைந்து தட்டே தெரியவில்லை. எல்லாம் சரியாகிவிட்டதே, இனி எதற்கு எழுத வேண்டும், பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிசம் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம்தான் நோட்டைக் கிழித்து எழுத உட்கார்ந்தேன். பாரத்தை அனுப்பு அம்மணி.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே, கால் சில்லிட்டால் ரெண்டு சாக்ஸ் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு உங்கம்மா தேஜாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவாள், உனக்கு அப்போது காலை பத்தரை. மறக்காமல் என் நம்பருக்குக் கூப்பிடு, என்ன திட்ட வேண்டுமோ திட்டு, போனை வைக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

உன் பேச்சைக் கேட்காத அப்பா,
காளிச்சாமி