மேல்காற்றும் வலது தோளும்

ஜூன் 14, 2002. வெள்ளி. போடி.

மேற்கு மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று ஆரம்பம். கொடியில் கிடந்த என் இந்திய மகளிர் கிரிக்கெட் அணிச் சட்டையைத் தூக்கிப் பக்கத்து வீட்டு முருங்கையில் மாட்டிவிட்டது. நாட்டையே முருங்கை மரம் ஏத்திட்டியே என்று அண்ணன் சிரித்தான். தொரட்டியால் எடுத்துக் கொடுத்தான்.

காயம்பட்ட தோளுக்கு: ஒத்தடம், காலை மாலை. மாத்திரை நிறுத்தியாச்சு.

செவ்வாய் காலை கோச் போன் செய்வார். ஒரே கேள்விதான், இங்கிலாந்துத் தொடருக்கு வர முடியுமா. நான் சொல்வதை அப்படியே நம்புவார். எட்டு வருடமாக நாட்டுக்கு ஆடுகிறேன், அவரிடம் பொய் சொன்னதில்லை. அதுதான் பயம்.

மதியம் தூக்கம். கனவில் ஒரே பச்சை, ஆளே இல்லாத மைதானம். பந்தை மேலே விட்டேன். இறங்கவே இல்லை.

ஜூன் 15. சனி.

அண்ணன் மனைவி, என் மதினி, ஏலக்காய் ஸ்டோரில் காய்களைத் தரம் பிரிக்கிறவர். ஐந்து மணிக்கு வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்துக்கு வந்தார். ஊரில் இருக்கும்போதெல்லாம் என் விக்கெட் கீப்பர் அவர்தான். எல்பிடபிள்யூ என்றால் என்னவென்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஆறு பந்து. ஆறும் அந்தரத்தில் வெளியே மிதந்து, குத்தி, உள்ளே திரும்பின. பழையபடி. அழுதுவிட்டேன். மதினி பந்தை முந்தானையில் துடைத்துத் தந்தார். பந்தில் ஏலக்காய் வாசம்.

பாஸ்போர்ட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 16. ஞாயிறு.

காற்று இன்னும் பலம். பன்னிரண்டு பந்து. மிதக்கின்றன, மிதந்துகொண்டே இருக்கின்றன. வலி கொஞ்சம், பரவாயில்லை. கம்பளிச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னேன். அம்மா: "அங்கன ரொம்பக் குளிருமாம்ல."

எப்படிப் போடுகிறேன் என்று மதினியிடம் கேட்டேன்.

"காத்து நிக்கட்டும், சொல்றேன்."

ஜூன் 17. திங்கள்.

காற்று நின்றுவிட்டது. தென்னை ஓலை அசையவில்லை. மலை நாலு எட்டில் நிற்பது மாதிரி இருக்கிறது.

ஆறு பந்து. ஆறும் நேராகப் போய் மதினி கையில் உட்கார்ந்தன. தோளை இழுத்துப் போட்டேன். வலித்ததுதான் மிச்சம்.

மதினி பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஸ்டோர்ல மேல சுத்துற காத்தாடிய அமத்திட்டுத்தேன் காயத் தராசுல வைப்போம் பாப்பா. ரெண்டு நாளாப் பந்தத் திருப்புனது காத்து. நீயில்ல."

உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஜூன் 18. செவ்வாய்.

ஒன்பதரைக்குப் போன். முடியாது சார் என்றேன். இந்தத் தடவை மட்டுமா என்று கேட்டார். இல்லை சார், இனிமேலே முடியாது. அப்புறம், "சரிம்மா."

அம்மா கம்பளிச் சட்டையை மறுபடி பீரோவில் வைத்தாள். இனி நான் யார் என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு மேல்காற்று திரும்ப வந்தது. ஐந்து மணிக்கு மதினி, சேலையைச் செருகிக்கொண்டு வாசலில். நேற்றுப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பந்தைக் கையில் கொடுத்தார்.

போட்டேன். மேலே போய், வெளியே நகர்ந்து, வெகுநேரம் மிதந்தது. இதைத் திருப்புனது யார் மதினி என்று கேட்டேன்.

"காத்துதேன்."

இன்னொரு தடவை போடப் பந்துக்குக் கையை நீட்டினேன்.