மண்டபத் திரையில் விழுந்த வடக்கு வாசல்

ஒனிஹங்கா,
ஆக்லாந்து.
20.8.1986

அன்புள்ள மகள் ரதிதேவிக்கு,

இங்கே குளிரோடும் முழங்கால் வலியோடும் நான் சுகமாகவே இருக்கிறேன். நீ அங்கே கோஷித்சேயில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். முதலில் ஒன்றைத் திருத்தவேண்டும். போன ஞாயிறு நம்மவர் கூடும் மண்டபத்தில் நான் மயங்கி விழுந்தேன் என்று உன் மச்சாள் யோகராணி எல்லாருக்கும் போனில் சொல்லியிருக்கிறாள், உனக்கும் எழுதியிருப்பாள். நான் விழவில்லை. எழுந்து போய் லைற்றைப் போட்டேன், அவ்வளவுதான்.

நடந்தது இது. நீ படிக்கும் நகரம் ரஷ்யாவில் இருக்கிறது என்றே இங்குள்ள நம்மவர்கள் சொல்லித் திரிகிறார்கள், அது ஐரோப்பாவின் நடுவிலுள்ள வேறொரு கம்யூனிச நாடு என்று எத்தனை தரம் திருத்தினாலும் கேட்பதில்லை. ஆகவே நீ அனுப்பிய ஸ்லைட் படங்களை மண்டபத்தில் போட்டுக் காட்ட ஒழுங்கு செய்து, விளக்கமும் நானே சொன்னேன். ஐரோப்பாவில் அரசனிடமிருந்து தனக்கென்று இலச்சினை பெற்ற முதல் நகரம் என்றேன், கொள்ளைநோய் தீர்ந்த நன்றிக்கு எழுப்பிய தூண், நெருப்பில் வெடித்த பெரிய மணி எல்லாம் ஒழுங்காகப் போயின. புரொஜெக்டரை இயக்கிய ஜெயரட்ணம் மட்டும், "அக்கா, அங்கை சனம் இல்லையோ, கல்லுகள் மட்டுந்தானோ" என்று பகிடி விட்டார். பொறும் தம்பி, வரும் என்றேன். அடுத்து வந்தது எலிசபெத் பேராலயத்தின் வடக்கு வாசல். நாம் சைவரானாலும் நான் கன்னியர் மடத்தில் படித்தவள், வாசலுக்கு மேலே செதுக்கியிருப்பது உலகமுடிவில் கடவுள் எல்லாருக்கும் வழங்கும் பொதுத்தீர்வை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையிலிருந்து புஷ்பவதி, "அக்கா, கீழை வெள்ளை உடுப்பும் பூச்செண்டுமாய் நிக்கிறது உங்கடை ரதியெல்லே, கையைப் பிடிச்சிருக்கிற நெட்டையன் ஆர்" என்று கேட்டாள். சனம் சிரித்தது, அப்போதுதான் நான் எழுந்து போய் லைற்றைப் போட்டேன்.

அந்தப் படத்தை நான் முன்பே பார்த்தவள். ஒவ்வொன்றாகக் குசினி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் அடுக்கினேன். நகத்தளவில் தெரிந்த இருவரை யாரோ வழிப்போக்கர் என்று நினைத்து விட்டுவிட்டேன். நீ அதைத் தவறிப் போட்டாயோ, எழுத மனம் வராமல் வேண்டுமென்றே வைத்தாயோ எனக்குத் தெரியாது. வேண்டுமென்று வைத்திருந்தால், பெற்ற பிள்ளை என் விரலுக்குள் இருந்தும் நான் அடையாளம் காணவில்லை. ஆட்கள் சிரித்ததல்ல, இதுதான் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை.

உன்னை இங்கே கூப்பிட அண்ணன் தியாகு நிரப்பிய விசா பத்திரத்தில் மணமாகாத மகள் என்று இருக்கிறது, அதன் கீழே நான் கையெழுத்து வைக்கவேண்டும். "அம்மா, நீங்கள் ஒண்டும் காணேல்லை எண்டு இருங்கோ, முதல்லை தங்கச்சி வந்து சேரட்டும்" என்கிறான். பொய்யில் கூப்பிட்ட பிள்ளையைப் பிறகு பொய்யிலேயே வைத்திருக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டேன், இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் பயம் எனக்கும் இருக்கிறது. நீ அவனை மணந்தவள் என்றால் அந்த அரசாங்கம் அவனை வெளியே விடுமா, விடாவிட்டால் நீயும் அங்கேயே நின்றுவிடுவாயா? யாழ்ப்பாணத்தில் இருந்த வீடும் போய்விட்டது, திரும்பிப் போகவும் உனக்கு இடமில்லை. அவனை அங்கே விட்டுவிட்டுத் தனியே வா என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், அப்படிச் செய்ய உனக்கு உதவவும் மாட்டேன். அவன் பெயர் என்ன, அவனுக்குத் தாய் இருக்கிறாளா? அவள் உன்னை எப்படிப் பார்க்கிறாள்?

பரீட்சையை எது வந்தாலும் விட்டுவிடாதே. படத்தில் உன் கழுத்து மெலிந்திருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் உன்னோடு நிற்பவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டுகிறேன், அவர் யாராக இருந்தாலும் இது நான் கொடுக்கும் ஆசீர்வாதம். பத்திரம் மேசையில் கிடக்கிறது, உன் பதில் தெரியாமல் பேனையைத் தொடமாட்டேன். போன் எடுத்து அழாதே, அழுகையில் எனக்கு ஒன்றும் விளங்காது. உனக்கு மணமாகிவிட்டதா இல்லையா, இங்கே வர விருப்பமா இல்லையா என்று உன் கையால் எனக்குப் பதில் எழுது.

அன்புள்ள அம்மா,
பத்மாவதி குலசிங்கம்