முதலாளியே வந்தாலும்

அக்கா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீதான் நம்பவில்லை. உன் மகன் தாமு ஒரு நாள் பெரிய இடத்து வாசலில் நிற்பான், காரில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாம் அவன் கையசைவுக்காகக் காத்திருப்பார்கள் என்று அவனுக்கு ஐந்து வயது இருக்கும்போதே சொன்னேன். மந்தைவெளி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மாவடு கடித்துக்கொண்டே சொன்னேன். மாவடு என்றுதான் ஞாபகம். நெல்லிக்காயாகவும் இருக்கலாம். சொன்னது மட்டும் சத்தியம்.

இன்று காலை உன் தையல் மிஷினுக்கு எண்ணெய் போடலாம் என்று அதன் இழுப்பறையை இழுத்தேன். எண்ணெய்ப் புட்டியோடு சேர்ந்து உருண்டு வந்தது, நீ ரவிக்கைத் துணியில் அளவு குறிக்கும் நீலச் சாக்பீஸ். தேய்ந்து தேய்ந்து புளியங்கொட்டை அளவுக்கு ஆகியிருந்தது. மோந்து பார்த்தேன். மிஷின் எண்ணெயும் புதுத்துணியும் உன் வெற்றிலையும் கலந்த வாசனை. உடனே உட்கார்ந்துவிட்டேன், உனக்கு ஒரு கடிதம் எழுதியே தீருவது என்று. நாலாம் வகுப்போடு நின்றவன் எழுதுவதா என்று யாரும் கேட்க வேண்டாம். இனிமேல் உனக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் சரக்கில்லை என்று வாத்தியாரே கைகூப்பி அனுப்பிய ஆள் நான்.

அந்தச் சாக்பீஸ் துணியைவிடத் தரையில்தான் அதிகம் தேய்ந்தது. தாமு சின்ன வயதில் எப்படி இருந்தான்! முகத்தைப் பார்க்க மாட்டான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சாப்பாட்டுத் தட்டு ஒரு சாண் தள்ளி இருந்தால் தெருக்கோடி வரை கேட்கும்படி அலறுவான். யாராவது தோளைத் தொட்டுவிட்டால் நெருப்புப் பட்டது போலத் துள்ளுவான். தெருவில் கிறுக்கு என்றார்கள், மரை கழன்றது என்றார்கள். நான் அவனைக் கூட்டிக்கொண்டு பட்டணத்தில் உள்ள அத்தனை டாக்டர்களிடமும் போனேன். அதில் ஒரு வெள்ளைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, நீரும் டாக்டரா என்று கேட்டார். வேப்பிலை அடித்தோம், மந்திரித்துத் தாயத்தும் கட்டினோம். கயிறு உறுத்துகிறது என்று அவன் கழுத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டபோது, நீ அதை அவிழ்த்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

“அவனுக்கு வியாதியும் இல்ல, காத்துக் கருப்பும் இல்லடா எத்திராஜு. அடுத்தாப்ல இன்னா நடக்கும்னு தெரிலன்னா அவனுக்குப் பயமா கீது. அத்த நாம முன்னாடியே சொல்லிட்டா இன்னா?”

சொல்லத் தொடங்கினாய். தட்டுக்கு ஒரு வட்டம், அவன் உட்கார ஒரு கட்டம், கதவு வரை ஒரு கோடு. சிமெண்டுத் தரை முழுக்க நீலம். எங்கேயாவது கிளம்புவதாக இருந்தால், “இந்தக் கை தச்சு முடிச்சதும் போறோம்” என்று துணியைக் காட்டிச் சொல்வாய். அவன் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருப்பான். கை முடிந்ததும் தானே எழுந்து கதவுக் கோட்டில் நிற்பான். அலறல் இல்லை.

ரவிக்கை வாங்க வந்த மேல்போர்ஷன் மாமி மூக்கில் விரல் வைத்தாளே, ஞாபகம் இருக்கிறதா?

“என்னடி இது, தரையெல்லாம் கோடு போட்டுண்டு? இந்த வயசுல பாண்டி ஆடறியா?”

“ஆமா மாமி. உங்களுக்கும் ஒரு கட்டம் போட்டு வெச்சிக்கிறேன். அதுல குந்துங்க, சீக்கிரம் ஆயிடும்.”

மாமி முணுமுணுத்தபடி கட்டத்துக்குள் உட்கார்ந்தாள். நான் மட்டும் என் கட்டத்தைத் தாண்டிக் காலை நீட்டிப் படுத்து, அவனிடம் உதை வாங்கினேன்.

பள்ளிக்கூடத்தில் மணிதான் வினை. அது அடிக்கும்போதெல்லாம் அவன் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்தான். தலைமையாசிரியர் உன்னை வரச் சொன்னார். நானும் துணைக்கு வந்தேன்.

“எல்லாப் பசங்களும் இவனைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. நான் எப்படிம்மா பாடம் நடத்துறது? கூட்டிக்கிட்டுப் போயிடு.”

“மணி எப்ப அடிக்கும்னு அவனுக்குத் தெரில சார். அதான் தூக்கிவாரிப் போடுது. அவனையே அடிக்கச் சொல்லுங்க.”

“என்னது?”

“அவன் கையில குடுங்க. அவனே அடிச்சா எப்ப வரும்னு அவனுக்குத் தெரியுமில்ல?”

அந்த நேரம் பார்த்து நானும் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை எடுத்துவிட்டேன். தலைமையாசிரியர் என்னை மட்டும் வெளியே நிற்கச் சொன்னார், மரியாதை கருதித்தான். நீ அரை மணி நேரம் நகரவே இல்லை. மறுநாளிலிருந்து மணி தாமுவின் கையில். பெஞ்சுக்கு அடியில் போகிற வேலை நின்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் படிப்பும் ஏறியது. சண்டைக் காலத்தில் அபாயச் சங்கு ஊதியபோது, அதையும் அவன் கையில் கொடுக்கச் சொல்லி நீ சர்க்காரிடம் கேட்காததுதான் பாக்கி. அதற்குப் பதிலாகக் காதோடு சேர்த்து ஒரு துண்டை இறுக்கிக் கட்டிவிட்டாய். அன்றிலிருந்து தலைப்பாகை இல்லாமல் அவன் வெளியே காலெடுத்து வைத்ததில்லை. (ஜப்பான்காரனின் விமானத்தை நான் மட்டும் மெரினாவில் நின்று பார்த்தேன். ஓட்டியவன் எனக்குக் கையாட்டினான்.)

ரங்கூனுக்குப் போன உன் வீட்டுக்காரரைப் பற்றி அந்தச் சண்டையோடு தகவலே இல்லாமல் போய்விட்டது. மகனுக்கு ஒரு வேலை வேண்டும் என்று நீ பிடித்த பிடி அப்போதிலிருந்துதான். முதலில் குளக்கரைப் பக்கத்து ஓட்டலில் சேர்த்தோம். வந்தவர்கள் வடை கேட்டார்கள். “இது நேத்து வடை. இன்னிக்கு வடை வேவல” என்றான். அன்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

“நெசத்தச் சொல்றவனுக்கு இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு வேலை இல்லாமயா பூடும்? தேடுடா.”

நான் அப்போது கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் ஸ்டூடியோவையே ஓட்டுவதாகச் சொல்லியிருந்தேன், அது வேறு விஷயம். நடனப் பெண்களின் ரவிக்கைகளைத் தைத்து எடுத்துக்கொண்டு நீயும் தாமுவும் என் வண்டியில் வந்தீர்கள். படப்பிடிப்பு நடக்கும் ஃப்ளோருக்குள் உங்களைக் கூட்டிப்போய் நிறுத்தினேன். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்தேன்.

ஒருவன் குனிந்து, கதாநாயகன் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டான். மணி அடித்தது. அத்தனை பேரும் கப்சிப். லைட் வருகிறது என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் லைட்டைப் போட்டார்கள். கதாநாயகன் கோட்டைத் தாண்டிவிட்டான். யாரும் அடிக்கவில்லை, கிறுக்கன் என்று சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து என்றார்கள். மறுபடியும் மறுபடியும் அதே வசனம், அதே நடை. தாமு காதிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ என் விலாவில் ஓர் இடி இடித்தாய்.

“டேய், இது நம்ம வூடுடா!”

அன்றைக்கே மேனேஜர் நாயுடுவைப் பிடித்துவிட்டாய். ஃப்ளோர் வாசலில் மணி அடிக்கவும் ஆளை நிறுத்தவும் ஒருவன் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்த சமயம். நீ வேலையும் கேட்டாய், அதோடு உன் நிபந்தனைகளையும் சொன்னாய். தோளைத் தொட்டுக் கூப்பிடக் கூடாது, பேரைச் சொல்ல வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். நேரம் மாறினால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லக் கூடாது.

“இது ஸ்டூடியோவாம்மா, மாமியார் வூடா?” என்றார் நாயுடு.

“நீங்க இத்தச் செய்ங்க. அவன் வேலைல ஒரு நாள் தப்பு வந்தா என்னைக் கூப்ட்டுக் கேளுங்க.”

“சரி நைனா, கேட்டுக்கோ. உள்ளே ஷூட்டிங் நடந்தா வெளியே செவப்பு லைட்டு எரியும். அது எரியும்போது யார் வந்தாலும் உள்ளே விடக் கூடாது. முடியுமா?”

தாமு சுவரைப் பார்த்தபடி, நாயுடுவின் குரலிலேயே, “யார் வந்தாலும்” என்றான்.

நீ அதோடு விடவில்லை. “இப்பவே ரோசன பண்ணிச் சொல்லிடுங்க நாயுடுகாரு. அப்பால இவருக்கு மட்டும் உடு, அவருக்கு மட்டும் உடுன்னா அவனுக்கு ஓடாது. மொதலாளி வந்தா?”

நாயுடு குலுங்கிச் சிரித்தார். “மொதலாளியே வந்தாலும்தாம்மா!”

ரவிக்கை மூட்டையோடு நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவன் அந்த வாசலில் நின்றதை நீ ஐந்தாறு மாதம் கண்ணாரப் பார்த்தாய். காபி கொண்டுவந்தவனை நிறுத்தினான், சவுரிமுடி எடுத்துவந்தவளை நிறுத்தினான், ஒரு தடவை கதாநாயகனையே நிறுத்தினான். பிறகு அந்த டைபாய்டு வந்தது. நீ போன அன்று அவன் அழவில்லை என்று வந்தவர்கள் பேசினார்கள். அவன் உன் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை அதன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஊசியில் நூல் இல்லை. பேசினவர்களை நான் வெளியே போகச் சொன்னேன். கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

இப்போது கேள், நான் முன்கூட்டியே சொன்னது எப்படிப் பலித்தது என்று. போன வாரம் முதலாளி தியாகராயநகர் பங்களாவிலிருந்து காரில் வந்தார். கூடவே பம்பாய் விருந்தாளிகள், அவருடைய சம்சாரம். லைட் எரிந்துகொண்டிருந்தது. தாமு கையைக் குறுக்கே நீட்டினான்.

“லைட்டு எரியுது. உள்ள போவக் கூடாது.”

“நான் யாரு தெரியுமா?”

“தெரியும். மொதலாளி. லைட்டு எரியுது.”

விருந்தாளிகள் வெயிலில் நின்றார்கள். முதலாளியும் நின்றார். உள்ளே நாலு தடவை எடுத்தார்கள். லைட் அணைந்தது. தாமு கையை எடுத்தான். “இப்பப் போலாம்” என்றான். முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார், கடகடவென்று சிரித்தார், தம் தோளில் கிடந்த ஜரிகைச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். “இவன்யா என் ஆளு! இவன் இருக்கிற வரைக்கும் இந்த வாசல் இவனுக்குத்தான்” என்றார். ஸ்டூடியோ முழுக்கக் கைதட்டல். எனக்கும் ஒரு சால்வை தருவதாகச் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன் அக்கா. மற்றதெல்லாம் இருக்கட்டும். அந்தச் சால்வை என் கைச்சரக்கு. அப்படி ஒன்று நடக்கவில்லை.

முதலாளி சிரிக்கவில்லை. “எவன்யா இந்தக் கிறுக்கனை இங்கே வெச்சது?” என்றார். நாயுடு கைகட்டிக்கொண்டு, “உங்களைத் தடுக்கச் சொல்வேனா சார்? இவனாப் பண்ணது” என்றார். நான் முன்னால் போனேன். நெஜமாகவே போனேன். “நாயுடு சொன்னாருங்க. மொதலாளியே வந்தாலும்னு சொன்னாரு. என் காதால கேட்டேன்” என்றேன். முதலாளி என்னைப் பார்த்தார். “நீயா? வண்டி லேட்டானதுக்குக் கிண்டி காட்டுல புலி குறுக்கே படுத்திருந்துச்சுன்னு சொன்னவன்தானே?” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆயுளில் ஒரே ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொன்னேன், அதுவும் எடுபடவில்லை. அன்றைக்கே அவன் வேலை போயிற்று.

தினமும் காலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். “மாமா, லைட்டு எரிஞ்சிது. நான் தப்பா?” என்கிறான். தப்பில்லைடா என்கிறேன். “அப்ப வண்டில ஏறலாம்” என்கிறான். நான் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுகிறேன். தூசியே இல்லாத கண்ணாடி அக்கா.

கடிதத்தை இங்கே நிறுத்திவிட்டு, காலையில் விட்ட வேலையாக மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். திடீரென்று நாயுடுவின் குரல் கேட்டது. “மொதலாளியே வந்தாலும்தாம்மா!” திரும்பினால், பேசியது தாமு. அதே குலுக்கல், அதே சிரிப்பு. யார் பேசியதையும் அவரவர் குரலோடு அப்படியே சேர்த்துவைத்துக்கொள்வான், உனக்குத் தெரியாததா? பிறர் சொல்லாத ஒன்றை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. ஸ்டூடியோவில் லைட்காரன் முதல் சமையல்காரன் வரை அது எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரிந்துதான் இருக்கும். அவனை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் உட்பட.

நாளைக் காலை அவனைத் தியாகராயநகருக்குக் கூட்டிப்போகிறேன். எந்தத் தெரு, எந்த கேட்டு, உள்ளே யார் யார் இருப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று இப்போதே அவனிடம் சொல்லிவிட்டேன், நீ சொல்வது மாதிரியே. உள்ளே விடாவிட்டால் நாளன்றைக்கும் போவோம், அதற்கு மறுநாளும் போவோம். அவன் பேசுவான். நான் பக்கத்தில் நிற்பேன். முதலாளி என்னைப் பார்த்து எது கேட்டாலும் தாமுவைக் கேளுங்கள் என்று கையைக் காட்டுவேனே தவிர, வாயைத் திறக்க மாட்டேன் அக்கா.

இந்த ஒன்றை மட்டும் நம்பு.

உன் தம்பி,
எத்திராஜு