உறைமேல் என் முழுப்பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதே. தையல் ஹாலில் என் பக்கத்து மெஷினில் இருக்கும் பெரியம்மா மகள், நாற்பது சட்டைக்குக் காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். சூப்பர்வைசர் கேட்டபோது என்னைக் கை காட்டினாள். ஒரே பாயில் படுக்கிற அக்கா பொய் சொல்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் ‘தலைகீழு’தான். நேற்று அக்காவே, “ஏய் தலைகீழு, அந்த நூலை எடு” என்று சிரித்தாள்.

ஆபீஸ் கிளார்க் அம்மா இங்கிலீஷ் பேப்பர் படிப்பவர். “நாலு பேர் முன்னால அவமானப்படுறதுக்கு இக்னாமினின்னு ஒரு வார்த்தை இருக்கும்மா. ‘இல்லை’, ‘பேர்’னு அர்த்தம் வர்ற ரெண்டு பழைய லத்தீன் சொல் சேர்ந்து வந்தது” என்றார். நம் பேச்சில் பேர் கெட்டாலும் பேர் என்று ஒன்று மிஞ்சும். அந்த வார்த்தையில் அதுவும் இல்லை.

பெரியம்மாவிடம் எதுவும் கேட்காதே. தலைவலித் தைலம் அனுப்பு. இனி அக்காவுக்கு வரும் கடிதத்துக்குள் வைத்து எனக்கு எழுதாதே. தனி உறையில் என் முழுப்பெயரைப் பெரிதாக எழுது. சாப்பாட்டு நேரத்தில் வாட்ச்மேன் உறையைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் பெயரைச் சத்தமாகப் படிப்பார்.

மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உன் மகள்