படகுக்குச் சட்டை போட்டோம், மனோ

என் தங்கமே, மனோ கண்ணு,

நீ இருந்தால் முதல் வரியிலேயே, "அக்கா, முடிவச் சொல்லு, கதையெல்லாம் அப்பறம்" என்று பிடுங்கியெடுத்திருப்பாய். சொல்ல மாட்டேன். எத்தனை வருஷம் என்னைக் காக்க வைத்தவன் நீ! இப்போது நீ கொஞ்சம் காத்திரு.

காய்ச்சல் என்று படுத்தவன் நீ, எழுந்து வரவேயில்லை. காரியம் முடிந்து சொந்தபந்தம் கிளம்பியதும் நான் நேராக நல்லூரில் உன் ஷெட்டுக்குத்தான் போனேன். நம் பனியன் கம்பெனிக்குப் பின்னால், அந்தத் தகரக் கூரையின் கீழ், நீ விட்டபடியே படகு கவிழ்ந்து கிடந்தது. தெருவில் பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்க்கிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். "ஏனுங்க அம்மணி, இத நொய்யல் ஆத்துலயா உடப் போறீங்க?" என்றார் ஒருத்தர். "ஆமாங்க, அதுல இன்னைக்கு என்ன கலர் சாயம் ஓடுதுன்னு பாத்துட்டு வாங்க, அதுக்குத் தோதாப் பெயிண்ட் அடிச்சுக்கறேன்" என்றேன். ஆள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அந்த ஆளையும் குறை சொல்ல முடியாது. கடலே இல்லாத ஊரில் மோட்டார் படகுக்கு என்ன வேலை? நம் சொந்தக்காரர்களும் அதைத்தானே சொன்னார்கள்? "இஞ்சினீர் படிப்புப் படிச்சுப்போட்டு, இருக்கிற கம்பெனியப் பாக்காம படகத் தேய்ச்சிட்டிருக்கறான்." உன் காதில் விழவேண்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள்.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அதனால் நீ எனக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் படகு ஓடும்போது என்ஜின் பலத்தில் பெரும்பங்கு, தண்ணீர் அடிப்பக்கத்தை உரசிப் பிடித்து இழுப்பதிலேயே போய்விடுகிறது. அதற்காக எல்லோரும் அடியை வழவழவென்று தேய்ப்பார்கள். நீ மட்டும், "கோடு போடோணும் அக்கா, தலைமுடியவிடச் சன்னமா, மூக்குல இருந்து வால் வரைக்கும்" என்றாய். உரசுகிற தண்ணீர் பக்கவாட்டில் புரண்டு புரண்டு போகுமாம். அந்தப் புரளலைக் கோடுகள் அடக்கிவிடுமாம்.

அவ்வளவு சன்னமான கோட்டை எதைக்கொண்டு போடுவது? முதலில் நம் பனியன் துணியை ஒட்டிப் பார்த்தாய், ரொம்ப முரடு. அப்புறம் ஜாக்கெட்டுக்கு லைனிங் கொடுக்கிற சாட்டினைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். படகின் அடியில் பிசினைப் பூசி, காய்வதற்குள் சாட்டினை ஒட்டி, இறுகியதும் உரித்து எடுத்தால், துணியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளின் தடம் அப்படியே பதிந்துவிடும். கைப்பிடி அளவு பலகையில் செய்து காட்டிவிட்டு எப்படிக் குதித்தாய்! முழுப் படகுக்குச் செய்வதற்குள் போய்விட்டாயேடா.

தூத்துக்குடியிலிருந்து மரியதாஸ் போன் செய்தார். உன்னை நம்பிப் படகு கொடுத்த பட்டறைக்காரர். "தம்பி போனது எனக்கும் தாங்கலக்கா. ஆனா படகு சும்மா கெடக்கு. கோடு போட்டுக் கொண்டாங்க, என்ட்ட இருக்க இதே அளவு வழவழப் படகோட சேத்து ஓட்டிப் பாப்போம். தேறலன்னா தேச்சு வித்துருதேன். அதோட இந்தப் பேச்ச விட்ருவோம்" என்றார். நியாயமான மனுஷன். ஆனால் அந்தப் படகு தோற்றால், உனக்குப் பைத்தியம் என்று ஊர் சொன்னதே கடைசிப் பேச்சாக நின்றுவிடும். அதை நான் விடுவேனா?

சுருக்கமில்லாமல் துணி விரிக்க நம் கட்டிங் மாஸ்டர் சுடலைமுத்துவை விட்டால் யார்? பிசினில் பிசுக்கு ஏறாமலிருக்க, மெழுகும் சிலிகானும் படாத சாட்டினாகப் பார்த்து எடுத்தோம். பிசின் பூசப் பூச அவர் துண்டு துண்டாக விரித்து உள்ளங்கையால் நீவினார். எல்லாத் துண்டும் ஒரே பக்கமாக மின்னியது. மறுநாள் உரித்தபோது பட்டுச்சேலை கட்டிய பெண்மாதிரி இருந்தது படகு. கம்பெனியே கைதட்டியது. நானும்தான்.

தூத்துக்குடியில் இரண்டு படகிலும் ஒரே மாதிரி என்ஜின், ஒரே பாரத்துக்கு மணல் மூட்டை. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே நம் படகு பின்தங்கிவிட்டது. கொஞ்ச நஞ்சமில்லை கண்ணு, கண்ணுக்கே தெரிகிற அளவு. "யாரோ பின்னால புடிச்சு இழுக்க மாதிரில்லா இருக்கு" என்றார் மரியதாஸ். படகை அவரிடமே விட்டுவிட்டு நானும் மாஸ்டரும் ஊருக்குப் பஸ் ஏறினோம்.

அடுத்த நாள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த கட்டர் ஒருத்தரை மாஸ்டர் திட்டிக்கொண்டிருந்தார். "துணிய குறுக்கயா போடுவ? இழை தோள்லருந்து கீழ எறங்கணும்டே!" கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

"மாஸ்டர்! படகுக்கு எப்படிப் போட்டீங்க?"

"எப்பமும் போல தாங்கா. மேலருந்து கீழ."

"அய்யோ சாமி! நாம படகுக்குச் சட்டை போட்டுட்டமுங்க!"

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆமாக்கா! படகு மனுசன் மாரி நிமிந்தா நிக்கும்? படுத்துல்லா போவும்!"

கவிழ்ந்து கிடந்த படகின் அடிமுதுகைத் தோளாகவும் விளிம்பைக் கீழ்த் தொங்கலாகவும் வைத்து, கச்சிதமாக ஒரு சட்டை. அத்தனை கோடும் தண்ணீருக்குக் குறுக்கே. வேறு எந்த ஊர்க்காரனாவது இப்படிச் செய்வானா? மூக்கிலிருந்து வாலுக்கு என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நானும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், என் கண்ணுக்கும் அது சரியாகவே பட்டது. பனியன் கண்! இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு மட்டும் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

மரியதாஸுக்குப் போன் போட்டால், "தேய்க்கதுக்கு ஆள் சொல்லிட்டனேக்கா" என்கிறார். "நல்லாத் தேய்ங்க. தேச்சுப்போட்டு ஒருக்கா என்ற கையில குடுங்க. தோத்தது என்ற தம்பி இல்லீங்க, நாங்க" என்றேன். "வாங்க" என்றார் அவர்.

இந்தத் தடவை பட்டறையிலேயே போய் விரித்தோம், மூக்கிலிருந்து வாலுக்கு. முன்பக்கம் வளைகிற இடத்தில் துணி உட்கார மாட்டேன் என்றது. மாஸ்டர் ஓரத்தில் சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்து உட்கார வைத்தார். ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு மணல் மூட்டையில் ஒன்றை இறக்கிவிட்டு நானே ஏறிக்கொண்டேன். குளத்தில்கூடக் கால் வைக்காத உன் அக்கா, கடலில்!

முதலில் இரண்டும் சமமாகத்தான் போயின. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பிறகு பக்கத்துப் படகின் மூக்கு மெல்லப் பின்னால் நகர்ந்தது, அப்புறம் அதை ஓட்டுகிறவரின் தோள், அப்புறம் முழுப் படகும். பெரிய வித்தியாசம் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சின்ன வித்தியாசம்தான், ஆனால் போகப் போகக் கூடிக்கொண்டே வந்தது. மரியதாஸ் லேசில் நம்புகிற ஆளா? என்ஜின்களை மாற்றி மாட்டினார், ஓட்டுகிறவர்களை மாற்றி உட்கார வைத்தார். அப்போதும் நம் படகுதான் முன்னால்.

"தம்பி சரியாத்தாங்கா சொல்லிருக்கான்" என்றார்.

ஜெயித்தால் எப்படியெல்லாம் கூத்தாட வேண்டும் என்று நினைத்திருந்தேன் தெரியுமா? மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க நீ இல்லையே, மனோ.

உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது. பாசியும் சிப்பியும் ஒட்டினால் கோடு என்ன ஆகும்? அது ஒட்டாமலிருக்கப் பெயிண்ட் அடித்தால் கோடே மூடிவிடுமே, அதற்கு ஏதாவது யோசித்து வைத்திருந்தாயா? பரவாயில்லை, நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். மாஸ்டர் இப்போது துணியை எடுத்தாலே, "தண்ணி எந்தப் பக்கம்கா?" என்று என்னைக் கிண்டல் செய்கிறார்.

மரியதாஸ் இன்னும் படகுகள் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் மல்லுக்கு நின்றேன். நம் ஊரில் தைக்கிற உடுப்பில் நம் பேரா இருக்கிறது? கழுத்துக்குப் பின்னால் எவனோ வெளிநாட்டுக்காரன் லேபிள். ஆயுசுக்கும் அதையே தைத்துவிட்டேன். "இதுல மட்டும் என்ற தம்பி பேருதானுங்க" என்று நின்றேன். ஒத்துக்கொண்டார்.

போன வாரம் பெயிண்டர் வந்து படகின் மூக்கில் உன் பேரை எழுதினார். எழுதிவிட்டு, "அமரர்னு முன்னால போடணுமாம்மா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. அவன் இப்பத்தான் கெளம்பறான்" என்றேன்.

எனக்குக் கையும் காலும் ஓடுகிற வரைக்கும் உன் கோடு பதிந்த ஒரு படகும் உன் பேர் இல்லாமல் தண்ணீரில் இறங்காது. இது சத்தியம் கண்ணு.

உன்னோடு சண்டை போட இன்னும் தெம்பு மிச்சமிருக்கிற,
உன்ற அக்கா
சரசு