இரண்டு பேருக்கு உலை

மார்ச் 4, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதுவதற்கே முதலில் மன்னித்துவிடு. போன் செய்தால் "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் எறியாதவள் நீ. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் நலம். வேலை பழகிவிட்டது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாயில் துளித்துளியாக அளக்கிறேன். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கென்றே செய்த வேலை என்று நீ சிரிப்பாய். சில நாட்கள் அறைக்கதவைத் திறக்கும்போதுதான், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது உறைக்கும். குரல் இருக்கிறதா என்று தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொள்வேன்.

நான் இருப்பது நான்காவது மாடி. மாடிக்கு ஏழு அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. ஒரு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை. ரொட்டி, பழம், பால் என்று ஓட்டிவிட்டேன். சமைக்கத் தெரியாது என்பது ஒரு பக்கம். அங்கே நிற்கிறவர்களிடம் பேச வேண்டுமே என்ற பயம்தான் பெரிது.

போன மாதம் ஒரு சாயங்காலம், வெங்காயம் வதங்குகிற வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. கால் தானாக எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றுவிட்டது. அடுப்பருகில் எதிர் அறை நர்ஸ். எங்கேயோ ஒரு தீவிலிருந்து வந்தவள். ஒன்றும் கேட்காமல் என் கையில் கத்தியையும் ஒரு வெங்காயத்தையும் கொடுத்தாள். நான் தோலோடு நறுக்க ஆரம்பித்தேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உங்கள் வீட்டில் சமைக்க ஆள் வைத்திருந்தீர்களா என்று கேட்டாள்.

"இல்லை, அக்கா இருந்தாள்" என்றேன்.

சொன்ன பிறகு அது என் காதைவிட்டுப் போகவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் அவளோடு நிற்கிறேன். அவர்கள் தீவில் ஒருவரைப் பார்த்தால் நலமா என்று கேட்க மாட்டார்களாம், சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்களாம். அவ்வளவு தூரத்து ஊர் சட்டென்று நம் பக்கத்துத் தெரு மாதிரி ஆகிவிட்டது. கடைசி அறையில் மலைநாட்டுக்காரர் ஒருவர், பஸ் ஓட்டுகிறார். ஒற்றை ஆள், சமைப்பதோ ஏழு பேருக்கு. ஊரில் வீட்டில் ஏழு பேராம், குறைத்து எடுக்கக் கை வரவில்லையாம். மாவுக்குள் கோஸை வைத்து மடித்து, ஆவியில் வேகவைத்து, ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். மீதி ஆறு பேர் நாங்கள்தான்.

ஒரே ஒரு சந்தேகம் கேட்கலாமா? ஓர் ஆளுக்குச் சோறு வைக்க எவ்வளவு அரிசி? அளப்பதே என் பிழைப்பு, ஆனால் இந்த அளவு எனக்குத் தெரியவில்லை.

உன் தங்கை


மார்ச் 17

லெட்டர் வந்துச்சு.

ஒரு ஆளுக்கு அரை டம்ளர். உனக்குன்னா அதுலயும் கொஞ்சம் கொறச்சுக்க. தண்ணிய அளக்காத. அரிசி மேல விரல வச்சா மொத கணு வரைக்கும் நிக்கணும், அவ்வளவுதான். வெங்காயம் வதக்கும்போதே உப்பு போடு, சீக்கிரம் வதங்கும். தோலோட நறுக்குனத வெளிய சொல்லிக்காத, என் மானம் போகும்.

பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் தைக்க மலையா கெடக்கு. மெஷினு கூப்புடுது.

அக்கா


ஏப்ரல் 1, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒன்பது வரியையும் ஒன்பது தடவை படித்தேன்.

விரல் கணுவை நர்ஸிடம் காட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் விரலை நீட்டினாள். அவள் அம்மாவுக்கும் அதே விரல், அதே கணுவாம். உனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவே எத்தனை கடல் இருக்கிறதோ தெரியாது. இரண்டு பேரும் ஒரே அளவில் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள்.

முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் குழைந்தது. மூன்றாம் நாள் வந்துவிட்டது. பிறகு, நீ செய்வாயே அந்தக் கத்தரிக்காய் வதக்கல், அதைச் செய்து பார்த்தேன். நீ என்னை அடுப்புப் பக்கம் விட்டதே இல்லை. "போய்ப் படி, இது எங்கயும் ஓடிப் போகாது" என்பாய். நான் நாலடி தள்ளி உட்கார்ந்து படிப்பேன். கத்தரிக்காயை எப்போது திருப்ப வேண்டும் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை அக்கா, மூக்குக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமும் கண் புத்தகத்தில் இருக்க, மூக்கு மட்டும் உன் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டிருக்கிறது.

பஸ்காரர் மூன்று முறை கேட்டு வாங்கினார். அவர்கள் மலையில் கத்தரிக்காயைத் தணலில் சுட்டுப் பூண்டோடு மசிப்பார்களாம். நர்ஸ் தேங்காய்ப்பாலில் வேகவிடுவாள். அடுத்தடுத்த வாரம் மூன்றையும் சாப்பிட்டோம். எது நன்றாக இருக்கிறது என்று சண்டையும் போட்டோம். நான் சண்டை போட்டேன், நம்புவாயா?

எனக்குச் சமையல் பிடித்திருக்கிறது. படிப்பைத் தவிர எனக்கு எதுவும் வராது என்று நினைத்திருந்தேன். ஆனால் எல்லோரும் பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் போனபிறகு அந்தச் சமையலறை ரொம்பப் பெரிதாகிவிடுகிறது. அப்போது உன் நினைப்பு வரும். எனக்குப் போட்டுவிட்டு நீ எப்போது சாப்பிட்டாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

நான் கிளம்பின நாளைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

உன் தங்கை


ஏப்ரல் 20

ஊமைக்கோட்டானுக்கு,

இத எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். கத்தரிக்காய்னு எழுதிட்ட, தாங்கல.

நீ கெளம்புன அன்னைக்கும் அதேதான் செஞ்சேன். ஆர்டர் துணியெல்லாம் ஓரமா தள்ளி வச்சிட்டு, விடிய எந்திரிச்சு செஞ்சேன். வேலைக் கடுதாசி வாங்க ஆபீஸ் போயிட்டு, பெட்டி எடுக்க வந்த நீ வாசப்படியிலயே நின்ன. செருப்பக்கூட கழட்டல. "ஆபீஸ்ல சாப்பிட்டுட்டேன்க்கா"ன்ன. அர டம்ளர் தண்ணி குடிச்சிட்டுப் போயிட்ட.

நீ சாப்பிடலன்னு எனக்குத் தெரியும்டி. அம்மா போனப்ப உனக்கு ஆறு வயசு, எனக்குப் பதினாலு. அன்னையிலேர்ந்து பதினேழு வருஷம் உன் பசிக்குச் சோறாக்குனவ நான். நீ படியேறி வர்ற சத்தத்துலயே மத்தியானம் சாப்பிட்டியா இல்லையான்னு சொல்லிடுவேன். பசியோட வந்து, பசியோட பொய் சொல்லிட்டுப் போன. ஏன்னுதான் தெரியல. பதினாலு மாசமா மெஷின மிதிக்கும்போதெல்லாம் இதே யோசனதான். என் கையில என்ன கொற?

கொட்ட மனசு வரல. ரெண்டு நாளு அதையே தின்னேன்.

பஸ்காரரு ஏழு பேருக்கு ஆக்குறாருன்னு எழுதியிருக்க. நான் இன்னும் ரெண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். ஒரு ஆளுக்குப் போதும்னு சொல்லித்தான் டம்ளர எடுக்குறேன். கை கேக்க மாட்டேங்குது.

இதுக்குப் பதில் எழுதுனா நெஜத்த எழுது. இல்லன்னா எழுதவே எழுதாத.

அக்கா


மே 6, ஞாயிறு

அக்கா,

நிஜம் இதுதான்.

அன்று தெருமுனையில் ஒரு கார் நின்றது. என்னோடு வேலைக்குச் சேர்ந்த பெண், ஸ்டேஷனில் விடுகிறேன் என்று ஆபீஸிலிருந்தே கூட வந்திருந்தாள். உங்கள் வீடு எது என்று கேட்டாள். கேட் போட்ட மாடி வீட்டைக் காட்டினேன். அவள் பார்க்காத நேரத்தில் நம் சந்துக்குள் நுழைந்தேன். உட்கார்ந்து சாப்பிட்டால் நேரமாகும், தேடிக்கொண்டு வந்துவிடுவாள். வந்தால் நம் அறையைப் பார்ப்பாள். ஒரே அறைக்குள் மெஷின், துணி மூட்டை, பாய், அடுப்பு. அந்த அறையில் உட்கார்ந்துதான் நான் பட்டம் வாங்கினேன். அதைக் காட்ட வெட்கப்பட்டேன்.

உன் கையில் ஒரு குறையும் இல்லை. ரயிலில் பிஸ்கட்டைப் பிரித்துவிட்டு, வாசப்படியில் நின்றபோது வந்த கத்தரிக்காய் வாசனையை நினைத்துக்கொண்டு, பிஸ்கட்டையும் சாப்பிடாமல் வந்தேன். உன்னிடம் இதைச் சொல்ல வாயே வரவில்லை. வாய் வராததற்கும் நான் ஊமைக்கோட்டானாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. அது பயம்.

உன் கடிதம் வந்த அன்று இதை நர்ஸிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. தன் அம்மா சந்தையில் மீன் கழுவுகிறவள் என்றாள். இவள் நர்ஸிங் படிக்கும்போது அந்த அம்மா ஒருமுறை மீன் சமைத்து எடுத்துக்கொண்டு வர, தெரிந்தவர் வீட்டு வேலைக்காரி என்று தோழிகளிடம் சொல்லிவிட்டாளாம். அம்மா இப்போது இல்லை. அவள் வாராவாரம் அந்த மீனைச் செய்து பார்க்கிறாள், அந்த ருசி வரவில்லையாம். சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

இதைப் படித்த பிறகு நீ கோபமாகவே இருக்கலாம். அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன்
ஊமைக்கோட்டான்

பின்குறிப்பு: ஜூன் முதல் வாரம் எனக்குப் பத்து நாள் விடுமுறை. உனக்குத் தையல் மலையாகக் கிடக்கும் சமயம்தான், பட்டன் தைத்துத் தருகிறேன். வழியில் ஒன்றும் வாங்கித் தின்ன மாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருவேன். உலையில் அரிசியைக் குறைக்காதே. பசியோடு வரலாமா, அக்கா?